அன்செல்ம் கெனெல் தள்ளாடிக் காட்டிய நாள்

அன்செல்ம் கெனெலுக்கு உட்காரத் தெரியாது. நிற்கத் தெரியும், நடக்கத் தெரியும், ஏணியில் பாதி ஏறிவிட்டு எதற்கு ஏறினோம் என்று யோசிக்கத் தெரியும். உட்காருவது மட்டும் வராது. கல்யாணப் போட்டோவில் அத்தனை பேரும் பளிச்சென்று இருக்கிறார்கள். மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் மேகம் டை கட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் மனைவி மர்செலின் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். யாராவது கேட்டால், "ஜாடை அப்படியே இருக்குல்ல" என்பாள்.

வேலை செய்த காலமெல்லாம் அவர் பால் லாரி ஓட்டினார். பிரான்சில் குர்னே ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பாலை உறிஞ்சி எடுத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கொண்டுபோய் ஊற்றும் டாங்கர் லாரி. டிரைவர் வேலை உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று நினைக்கிறவர்கள் அவர் ஓட்டுவதைப் பார்த்ததில்லை. பண்ணைக்குப் பண்ணை குதித்து இறங்குவார், குழாயை மாட்டுவார், மாடுகளிடம் வம்பளப்பார், மறுபடி தாவி ஏறுவார். மேட்டுப் பாதையில் லாரி திணறினால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார், வண்டிக்குப் பாரம் குறையுமாம்.

ஓய்வு பெற்ற பிறகு கால்களுக்கு வேலையில்லாமல் போனது, ஊருக்குத்தான் கஷ்டம். பக்கத்து வீட்டு தெசிரேயின் கோழிக்கூண்டில் பீங்கான் முட்டை ஒன்றை வைத்துவிட்டு வந்தார். தெசிரே அதை ஆம்லெட்டுக்கு உடைக்கப் போய் வாணலிதான் நெளிந்தது. மேயர் வீட்டுத் தோட்டத்துக் குள்ளன் பொம்மை ஒரு நாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் சூட்கேஸோடு நின்றது. யார் செய்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்த ஊரில் எண்பது வயதுக்கு மேல் சுறுசுறுப்பாக இருந்தவர் ஒருவர்தான்.

போன குளிர்காலத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது. ரொட்டிக் கடைக்குப் போகிற வழியில் ஒரு மேடு. பாதி மேட்டில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. நிற்க வேண்டியதாயிற்று. சும்மா நின்றால் ஊர் பார்க்கும். அதனால் பக்கத்தில் இருந்த கடையின் கண்ணாடியில் எதையோ பார்க்கிற மாதிரி நின்றார். அது கல்லறைக்குப் பளிங்குப் பலகை செய்து விற்கிற கடை. தினமும் காலையில் அன்செல்ம் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று சாம்பல் நிறப் பலகையையும் கறுப்புப் பலகையையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு, கடைக்காரர் ஒரு நாள் வெளியே வந்து தள்ளுபடியைப் பற்றிப் பேசினார்.

பிறகு ஒரு நாள் தன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் மயங்கி விழுந்தார். கோழிகள் சத்தம் போட்டு மர்செலினைக் கூப்பிட்டன. ஊர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிற வாசலில் உள்ள வால்வு சுண்ணாம்பு படிந்து சுருங்கிவிட்டது என்றார். ரூவானில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்காமல், தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

"ஆனா எல்லாருக்கும் வைக்க மாட்டாங்க, அன்செல்ம். உங்க வயசுக்கு முதல்ல ஒரு நாள் கூப்பிட்டு எவ்வளவு தளர்ந்திருக்கீங்கன்னு பாப்பாங்க. எப்படி நடக்கறீங்க, எப்படி எழுந்திருக்கறீங்க, கைப்பிடி எப்படி, ஞாபகம் எப்படி, எல்லாம்."

"மாத்தலன்னா?"

டாக்டர் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "அடுத்த ஆப்பிள் சீசனைப் பத்தி நான் உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து அன்செல்ம் தோட்டத்தை மூன்று தடவை சுற்றினார். செத்துப்போவதைப் பற்றி அவர் அதற்குமுன் யோசித்ததே இல்லை, நேரம் கிடைக்கவில்லை. இப்போது நின்று நின்று நடக்க வேண்டியிருந்ததால் நேரம் கிடைத்தது.

இங்கேதான் ஒதெத் வருகிறாள். ஒதெத் மர்செலினின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். சோதனை என்ற சொல் காதில் விழுந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த விஷயத்தில் அவள் கரை கண்டவள். அந்த ஊரில் வயதானவர்கள் வீட்டுக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வருவாள். சட்டை போட முடிகிறதா, தானாகக் குளிக்க முடிகிறதா என்று பார்ப்பாள். எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு உதவி. வீட்டு வேலைக்கு ஆள் வரும், சமையலுக்கு ஆள் வரும். அதனால் அந்தப் பெண்ணின் கார் தெருமுனையில் திரும்பியதுமே ஊரில் பாதிப் பேருக்கு முழங்கால் மடங்காமல் போய்விடும்.

"என்னைப் பாரு," என்றாள் ஒதெத். "'இன்னிக்கு என்ன கிழமை மதாம்'னு கேட்டா. நான் ஜன்னலைப் பாத்துட்டு 'மழை'ன்னேன். கம்பளிச் சட்டையில தலை விடற ஓட்டையில கையை விட்டேன். முடிஞ்சுது. வாரத்துல ரெண்டு நாள் ஆள் வருது. தெசிரே என்ன பண்ணான்? அவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்தான். கிளம்பறப்ப அவ கார்ல டயர் பஞ்சர், அதையும் மாத்திக் குடுத்தான். இவருக்கு ஒண்ணும் வேணாம்னு போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் அவனே தரை துடைக்கறான்."

"இது ஆஸ்பத்திரி," என்றாள் மர்செலின்.

"அரசாங்கந்தானே நடத்துது? அளக்க வர்றவங்க எல்லாரும் ஒண்ணுதான். உன் புருஷன் அங்க போய்க் கோழி மாதிரி ஓடினான்னு வை, 'இவருக்கு என்ன கேடு, வால்வை வேற யாருக்காவது குடு'ன்னு அனுப்பிடுவாங்க."

அன்செல்முக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கையிருப்பில் நாலு வால்வு, வெளியே நாற்பது கிழவர்கள். மோசமாக இருப்பவனுக்குத்தானே முதலில்.

"பொய் சொல்றது நல்லாயில்ல," என்றாள் மர்செலின்.

"யாரு பொய் சொல்றா? இன்னும் ரெண்டு வருஷத்துல அப்படித்தான் ஆகப்போறான். கொஞ்சம் முன்னாடியே சொல்றோம்."

பயிற்சி அன்றைக்கே தொடங்கியது. அவருக்கு மெதுவாக நடக்க வரவில்லை. நாலு அடி மெதுவாக வைப்பார், ஐந்தாவது அடியில் கால் பழைய புத்திக்குப் போய்விடும். கடைசியில் ஒதெத் ஒரு கிண்ணத்தில் விளிம்புவரை சூப்பை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "சிந்தாம ஜன்னல் வரைக்கும் போ." சூப்போடு போனால் நடை சரியாக வந்தது. "அதேதான். அங்க போய்க் கையில சூப் இருக்கற மாதிரி நினைச்சுக்கோ. நடுவுல ஒரு தடவை சுவத்தைப் பிடி. ரொம்பப் பண்ணாதே, நீ ரொம்பப் பண்ணுவே."

ரூவானுக்கு மர்செலின்தான் காரை ஓட்டிப்போனாள். அன்செல்ம் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், ஏற்றினார்.

நொல்வென் என்ற நர்ஸ் அவர்களை ஒரு நீண்ட நடைவழிக்குக் கூட்டிப்போனார். தரையில் இரண்டு இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது.

"இந்தக் கோட்டுலேருந்து அந்தக் கோடு தாண்டற வரைக்கும், முசியே கெனெல். நீங்க தினமும் எப்படி நடப்பீங்களோ அப்படி."

அன்செல்ம் சூப்பை நினைத்துக்கொண்டார். வெட்டியிழுக்கிற நாயைக் கழுத்துப் பட்டையில் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி தன் கால்களைப் பிடித்துக்கொண்டு போனார். நடுவில் சுவரைத் தொட்டார். கோடு பக்கத்தில் வர மாட்டேன் என்றது. நொல்வென் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு தடவை நடக்கச் சொன்னார்.

அடுத்தது நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். வாழ்நாளில் அவர் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதுதான். அதில் அவரை மிஞ்ச இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. அதிலேயே தோற்றுக் காட்ட வேண்டும். இரண்டு தடவை எழுந்தார், மூன்றாவது தடவை பாதியில் ஒரு பெருமூச்சோடு விழுந்தார். பெருமூச்சு அவ்வளவு நன்றாக வந்தது அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

கைப்பிடிக் கருவி சைக்கிள் பிரேக் மாதிரி இருந்தது. அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். நொல்வென் மூன்று சொற்கள் சொன்னார்: படகு, ரோஜா, கதவு. கொஞ்சம் கழித்துக் கேட்பேன் என்றார். கேட்டபோது மூன்றும் அவர் நாக்கு நுனியில் குதித்துக்கொண்டிருந்தன. "குதிரை," என்றார் அன்செல்ம்.

"காலையில யாரு டிரஸ் போட்டு விடறாங்க?"

"இவதான்."

மர்செலின் திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் சட்டைப் பொத்தானை அவள் தொட்டது கோபம் வந்தபோது மட்டும்தான். கைப்பையின் கொக்கியை அழுத்தித் திறந்து அழுத்தி மூடினாள்.

மத்தியானம் மதாம் பெர்த்லோவின் அறையில் உட்கார வைத்தார்கள். முதியவர்களுக்கான டாக்டர். தலைமுடி குட்டை, குரல் தாழ்வு, அவசரமே இல்லாத பெண். அன்செல்ம் தன் பங்கு முடிந்தது, இனி அவர்கள் நாள் குறித்துக் கொடுப்பார்கள் என்ற நிம்மதியில் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"முசியே கெனெல், ஒருத்தர் ரெண்டு விதமா மெதுவாகலாம்," என்றார் டாக்டர். "வால்வு சுருங்கினதால மெதுவானா, வால்வை மாத்தினதும் நடை திரும்பி வரும். உடம்பு மொத்தமும் தேஞ்சுபோயி மெதுவானா, வால்வை மாத்தியும் பிரயோஜனம் இல்ல. புது வால்வோட அதே படுக்கையில இருப்பீங்க. சில பேரு அந்தப் படுக்கைக்குப் போயித் திரும்பி வர்றதே இல்ல. அந்தக் கஷ்டத்தை ஒருத்தருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் யோசிக்கணும்."

"யோசிங்க," என்றார் அன்செல்ம், தாராளமாக.

"யோசிச்சேன். வியாழக்கிழமை இதய டாக்டர்கள் கூட்டம். உங்களுக்கு வேண்டாம், மாத்திரையோட வசதியா பாத்துக்கலாம்னு சொல்ல வேண்டியிருக்கும்."

முழங்கால் நின்றது.

"மெதுவா நடந்தா மாத்த மாட்டீங்களா?"

"இவ்வளவு மெதுவா நடந்தா, மாட்டோம்."

"வேகமா நடந்தா?"

"மாத்தறதைப் பத்திப் பேசலாம்."

அன்செல்ம் சுற்றிலும் பார்த்தார். நெரிப்பதற்கு ஒதெத்தின் கழுத்து பக்கத்தில் எங்கும் இல்லை. அவர் முகம் முதலில் சிவந்து பிறகு வெளுத்தது.

"மதாம், நான் நடிச்சேன்."

"நிறையப் பேரு நடிப்பாங்க, முசியே. ஆனா நல்லா இருக்கற மாதிரி நடிப்பாங்க. முடியாத மாதிரி எதுக்கு நடிக்கணும்?"

அவர் சொன்னார். மாவட்டப் பெண், தெசிரேயின் டயர், சூப் கிண்ணம், எல்லாவற்றையும். சொல்லச் சொல்லக் கதை இன்னும் மோசமாகக் கேட்டது. நொல்வென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. வேண்டாம் என்ற முடிவைக் கேட்ட பிறகு மனிதர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சந்தேகத்தை அன்செல்ம் அவர் கண்ணில் பார்த்துவிட்டார். எந்தப் புளுகையும் ஊரே நம்பும்படி சொன்ன மனிதர், உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தது ஒரு கணம்தான். "படகு ரோஜா கதவு," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. அறைக் கதவைத் திறந்து நடைவழிக்குப் போய் முதல் மஞ்சள் கோட்டிலிருந்து கிளம்பினார். நடை என்று அதைச் சொல்ல முடியாது. நொல்வென் பின்னாலேயே ஓடினார். "நில்லுங்க முசியே, நில்லுங்க." இரண்டாவது கோட்டையும் தாண்டி, தான் நல்லபடியாக இருப்பதை ரூவான் நகரம் முழுவதற்கும் காட்டிவிடுகிற வேகத்தில் போனார். நடைவழியின் ஓரங்கள் சாம்பல் நிறமாயின. சாம்பல் நடுவுக்கு வந்தது. அவர் விழவில்லை, நொல்வென் அக்குளில் கை கொடுத்துத் தரையில் உட்கார வைத்துவிட்டார்.

கண் தெளிந்தபோது படுக்கையில் இருந்தார். நெஞ்சில் வயர்கள். மதாம் பெர்த்லோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், இன்னும் அவசரமில்லாமல்.

"காலையில ஒருத்தரைப் பாத்தேன். இப்ப ஒருத்தரைப் பாத்தேன். ரெண்டு பேரும் நீங்க இல்லன்னு தோணுது." அவர் மர்செலின் பக்கம் திரும்பினார். "வீட்டுல இருக்கறவர் எப்படி, மதாம்?"

அன்செல்ம் மர்செலினைப் பார்த்தார். கொஞ்சம் கூட்டிச் சொல் என்று கண்ணால் கெஞ்சினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"டிரஸ் அவரேதான் போட்டுக்குவார்," என்றாள். "ஷூ போடறப்ப மட்டும் ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவுல ரேடியோவுல செய்தி கேக்கற மாதிரி உக்காந்திருப்பார். ரேடியோ போட்டிருக்காது. கோழிக்குத் தண்ணி ஒரு வாளியா தூக்குவார், இப்ப அரை அரை வாளியா ரெண்டு தடவை. பரண் மேல ஏறறதில்ல, பரண்ல எலி இருக்குன்னு சொல்றார். எலி போன வருஷமும் இருந்துச்சு. சாப்பாட்டு நடுவுல எட்டுத் தடவை எழுந்திருப்பார், இப்ப ரெண்டோ மூணோ. ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்கம்மா அவரைப் பத்திச் சொன்னதெல்லாம் வார்த்தை மாறாம சொல்லுவார்."

அன்செல்ம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஷூவும் வாளியும் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். ஒவ்வொன்றையும் அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருந்தார்.

"எடை?" என்று கேட்டார் டாக்டர்.

"எடை ஒண்ணும் குறையல," என்றார் அன்செல்ம். "பேன்ட் அப்படியே சரியா இருக்கு, பாருங்க."

மர்செலின் கைப்பையின் கொக்கியை அழுத்தினாள். "நான் பிடிச்சுத் தைச்சுட்டேன்," என்றாள். "துவைக்கறப்ப ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா. நாலு பேன்ட்டும்."

வயர் மாட்டியிருந்த பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அன்செல்ம் ஒரு கையை இறக்கி இடுப்பைத் தடவிப் பார்த்தார். துணிக்கு உள்பக்கம் தடிப்பாக ஒரு மடிப்பு. அதன் மேல் இன்னொரு மடிப்பு.

"எதுக்கு?" என்றார்.

"பயந்துடுவீங்கன்னு."

டாக்டர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். பிறகு பேசியது சாதாரணமாக, ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது. இந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவர் பெயரை எடுக்கப் போவதில்லை. தசை கரைந்திருக்கிறது, அதை வால்வு திருப்பித் தராது, முட்டையும் இறைச்சியும்தான் தர முடியும். தினமும் மூன்று வேளை நன்றாகச் சாப்பிட வேண்டும். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் வீட்டுக்கு வந்து, நெஞ்சைச் சிரமப்படுத்தாமல் கால்களுக்கு மட்டும் வேலை கொடுப்பார். மூன்று வாரம் கழித்து வந்து மறுபடி நடக்க வேண்டும்.

"அதுவரைக்கும் வால்வு தாங்குமா?" என்று மர்செலின் கேட்டாள்.

"தாங்கும்னுதான் நினைக்கறேன். நினைக்கறேன்னுதான் சொல்ல முடியும். மயக்கம் வந்தா காத்திருக்காதீங்க, உடனே போன் பண்ணுங்க." பிறகு அவர் பக்கம் குனிந்து, "இன்னொரு விஷயம், முசியே. உங்க மச்சினியைக் கூட்டிட்டு வராதீங்க."

அந்த மூன்று வாரம் வீடு வீடாக இல்லை. அன்செல்ம் ரொட்டியைத் தின்றார், முட்டையைத் தின்றார், எழுந்து ஜன்னலுக்குப் போனார், தபால்காரர் வருகிறாரா என்று பார்த்தார், தபாலில் வர எதுவும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தார். படியில் கால் வைக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கேட்டார். இது சுண்ணாம்பா, வயதா? ஒதெத் கையில் முயல் கறிக் குழம்போடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"கொலைகாரி வந்திருக்கேன்னு சொல்லு," என்றாள் தங்கையிடம்.

"குழம்பை உள்ள விடு. அவளை வேணாம்னு சொல்லு," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சாப்பிடும்போது ஒதெத் இதய வடிவப் பாலாடைக்கட்டியை அவர் தட்டுக்குத் தள்ளி, "பேசாம இதை உள்ள வைக்கச் சொல்லு, இந்த ஊர் சரக்கு, உடம்பு ஏத்துக்கும்," என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. அன்செல்ம் அதைப் பார்க்காத மாதிரி கட்டியை வெட்டினார்.

மறுபடி மஞ்சள் கோட்டுக்கு முன் நின்றபோது அவருக்குப் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. தினமும் நடக்கிற நடை எது என்று மறந்துவிட்டது. மெதுவாக வைத்தால் நடிப்பு, வேகமாக வைத்தால் அதுவும் நடிப்பு. நொல்வென் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, "அந்தக் கடைசி ஜன்னல்லேருந்து ஆறு தெரியுது, ஒரு நிமிஷம் வாங்க," என்றார். அன்செல்ம் ஆற்றைப் பார்க்கப் போனார். பெரிய ஆறாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது நொல்வென், "இதேதான். இப்ப நேரம் பாத்து மூணு தடவை," என்றார். நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்தார். ஐந்தாவது கொஞ்சம் இழுத்தது, இழுத்தது இழுத்ததுதான் என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. மர்செலின் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அன்செல்ம் எடுத்தார், "ம்" என்றார், "ம்" என்றார், "நன்றி மதாம்" என்று வைத்தார்.

"என்னவாம்?"

"பண்றாங்களாம். அடுத்த மாசம் மூணாம் தேதி. ஆபத்து இல்லாம இல்ல, ஆனா பண்ணலாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்களாம்."

அவள் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். அடுத்த கிழங்கை எடுக்கவில்லை.

"நடுவுல ஏதாவது ஆயிட்டா?" என்றார் அவர், அடுப்பைப் பார்த்து.

"ஆயிட்டா ஒதெத்தைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போறேன். கோழிங்களை தெசிரே பாத்துக்கட்டும்."

அன்செல்ம் சிரித்தார். வழக்கமாக ஜன்னல் அதிர்கிற சிரிப்பு, பாதியிலேயே நின்றுபோனது. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் ஏதோ சத்தம் கேட்டது, போய்ப் பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லிக் கதவுப் பக்கம் திரும்பப் போனார். திரும்பவில்லை.

"இரு," என்றார். "மூச்சு வாங்குது."

மர்செலின் கத்தியைக் கீழே வைத்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்று, அது அடங்குகிறவரை காத்திருந்தாள்.